25 டொலரா, 30 டொலரா?

அன்புள்ள அண்ணா,

ஸ்காபுறோவில் ஒரு கிடங்கில் ஏழு வருடமாக வேலை. மணிக்கு 22 டொலர், கிழமைக்கு 40 மணித்தியாலம். வயது 38, இரண்டு பிள்ளைகள். ட்ரெய்லர் இழுக்கும் பெரிய ட்ரக் ஓட்டுவதற்கான ஏ-இசட் லைசென்ஸ் எடுக்க யோசிக்கிறேன். ஒரு ட்ரக் பள்ளி 8,500 டொலர் கேட்கிறது. இன்னொன்று 5,500க்கு முடித்துத் தருகிறதாம். எதில் சேரலாம்? போட்ட காசு எத்தனை மாதத்தில் திரும்பும்? நண்பர் ஓடும் பிராம்ப்டன் கம்பனியில் இடம் இருக்கிறது, அமெரிக்கா ஓட்டம். சம்பளப் பட்டியலில் சேர்ந்தால் மணிக்கு 25, சொந்தப் பெயரில் ஒரு கோர்ப்பரேஷன், அதாவது தனிக் கம்பனி, பதிந்து வந்தால் 30 என்கிறார்கள்.

தம்பி,

கடைசி வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் கடிதம். கொஞ்ச நாளாக மண்டைக்குள் குடைந்துகொண்டிருக்கும் விஷயமும் அதுதான். முதலில் மற்றதுகளை முடித்துவிடுகிறேன்.

பள்ளிக் கேள்வி சின்னது. 2017 யூலையிலிருந்து ஒன்ராறியோவில் ஏ வகுப்புக்குக் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். மூவாயிரம் குறைத்துத் தருகிறவர் அதை எங்கே மிச்சம் பிடிக்கிறார் என்று பாருங்கள். மூன்று பேரை ஒரு ட்ரக்கில் ஏற்றி, பின்னால் குந்தியிருந்த நேரத்தையும் ஓட்டிய நேரமாக எழுதுவது பழைய வித்தை. மணித்தியாலம் நிரப்பாத பதிவுத் தாளில் முன்கூட்டியே கையெழுத்துக் கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். சோதனையை மனுவல் கியரில் கொடுங்கள். ஓட்டோமெட்டிக்கில் கொடுத்தால் 2022 யூலையிலிருந்து லைசென்ஸிலேயே கட்டுப்பாடு விழுகிறது. காசு கட்ட முன்னம் இரண்டு மூன்று நல்ல கம்பனிகளுக்குப் போன் அடித்து, எந்தப் பள்ளியில் படித்த புதியவரை எடுக்க அவர்களுடைய இன்சூரன்ஸ் சம்மதிக்கும் என்று கேளுங்கள். உங்கள் வரி மதிப்பீட்டுத் தாளையும் எடுத்துப் பாருங்கள். கனடா பயிற்சி வரவு என்று 2019 முதல் வருடத்துக்கு 250 டொலர் சேர்ந்திருக்கலாம். பலர் அதைத் தொடுவதேயில்லை.

இனிக் காசு திரும்பும் கதை. கட்டணம் 8,500. ஐந்து கிழமை வேலைக்குப் போகாமல் இழப்பது 4,400. மருத்துவச் சோதனை, எழுத்துச் சோதனை எல்லாம் சேர்த்து 13,000 என்று வையுங்கள். ட்ரக்கில் 50 மணித்தியாலம், மணிக்கு 25 என்றால் கிழமைக்கு 1,250. இப்போது எடுப்பது 880. வித்தியாசம் 370, ஆகவே 35 கிழமையில் திரும்பும் என்றுதான் பள்ளிக்காரர் சொல்லுவார். அதே 50 மணித்தியாலம் கிடங்கில் நின்றால் 44க்கு மேல் ஒன்றரை மடங்கு, மொத்தம் 1,166. நெடுஞ்சாலைச் சாரதிக்கு ஓவர்டைம் 60 மணித்தியாலம் தாண்டினால்தான். உண்மையான வித்தியாசம் 84 டொலர். அந்தக் கணக்கில் 13,000 திரும்ப மூன்று வருடம்.

பயப்படுத்த எழுதவில்லை. ஏழு வருடம் பெட்டி தூக்கிய முதுகு மாற்றம் கேட்பது நியாயம்தான். ஆனால் லைசென்ஸ் வந்தவுடன் காசு கொட்டாது. விபத்தில்லாமல் இரண்டு மூன்று வருடம் ஓடி, அதைக் கடிதமாகக் காட்டினால்தான் இன்சூரன்ஸ்காரர் மனம் இளகுவார், நல்ல கம்பனிகளின் கதவு திறக்கும். அந்தக் கடிதம்தான் உங்கள் உண்மையான சான்றிதழ். அதைத் தரப்போகிறவர் முதல் கம்பனிக்காரர். அவர் யார் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

அந்த இடத்தில் வந்து நிற்கிறார் 30 டொலர்க்காரர். புதியவரை எடுக்க மற்றவர்கள் தயங்குவது அவருக்குத் தெரியும்.

ட்ரக் அவருடையது, டீசல் அவருடையது, எங்கே எப்போது போவதென்று சொல்கிற டிஸ்பாச்சர் அவருடைய ஆள். ஒரு கோர்ப்பரேஷன் பதிந்ததால் நீங்கள் மட்டும் வியாபாரியா? ட்ரக்கை வாங்கி ஓடுகிற ஓனர் ஒப்பரேட்டரின் கதை வேறு, நான் அவரைச் சொல்லவில்லை. ஸ்டியரிங்கைத் தவிர கையில் ஒன்றுமில்லாதவர் தொழிலாளிதான். எல்லை தாண்டி ஓடுவதால் உங்களுக்கு மத்திய தொழிற்சட்டம். தொழிலாளியை அப்படி இல்லையென்று காட்டுவதை அந்தச் சட்டம் 2021இலிருந்து தடை செய்கிறது. தொழிலாளி இல்லையென்று நிரூபிக்க வேண்டியதும் முதலாளிதான்.

வருடம் 2,500 மணித்தியாலம் ஓடினால் 25க்கு 62,500, முப்பதுக்கு 75,000. கையில் 12,500 கூட வருவதுபோல இருக்கும். 2025 வீதப்படி, சம்பளக்காரனாக ஓய்வூதியப் பங்கு சுமார் 3,500 கட்டுவீர்கள். கோர்ப்பரேஷன் என்றால் முதலாளியின் பாதியும் உங்கள் தலையில், ஏறத்தாழ 8,000. அதில் 4,500 போயிற்று. நான்கு வீத விடுமுறைச் சம்பளம் 2,500. வருடத்துக்குப் பத்து நாள் வரை சம்பளத்தோடு சுகவீன லீவு, அது இன்னொரு 2,500. கணக்காளருக்கு 1,500 என்று வையுங்கள். மொத்தம் 11,000. வேலையிழப்புக் காப்புறுதிக்கு வெட்டுகிற ஆயிரம் மிச்சம்தான். ஆனால் தை மாதம் லோடு இல்லாமல் வீட்டில் இருத்தினால் அந்தக் காப்புறுதிக் காசு கிடையாது. ட்ரெய்லரிலிருந்து விழுந்து கால் முறிந்தாலும், நீங்களாகக் கட்டி எடுத்திருந்தால் ஒழிய, நட்டஈடு கிடையாது.

இதற்குப் பிறகும் 2,500 மிஞ்சும் என்று நீங்கள் கூட்டிப் பார்ப்பீர்கள். பாருங்கள். காசைக் கோர்ப்பரேஷனுக்குள் விட்டால் 12 வீதத்தை ஒட்டித்தான் வரி என்று நண்பர் சொல்லியிருப்பார். இப்படியானதை வருமான வரித் திணைக்களம் தனிநபர் சேவை வியாபாரம், அதாவது கோர்ப்பரேஷன் வேடம் போட்ட தொழிலாளி, என்று வகைப்படுத்தினால் ஒன்ராறியோவில் 44.5 வீதம். சாப்பாடு, போன், கார் என்று கழித்ததெல்லாம் திரும்பி வரும், வட்டியோடு. அந்த வரிக் கடிதம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும், கம்பனிக்கு அல்ல. அதற்குள் கம்பனி பெயரை மாற்றிக்கொண்டு வேறு யாட்டில் நின்றால், உங்கள் இரண்டு வருட அனுபவக் கடிதத்தை யார் தருவது?

நண்பர் நல்லவராக இருக்கலாம். அவருடைய செக்கைக் காட்டச் சொல்லுங்கள். ஒரேயொரு தொகை மட்டும் இருக்கும், வெட்டு எதுவும் இராது. அதைத்தான் அவர் கூடுதல் சம்பளம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

25க்கே சேருங்கள், தருவதாக இருந்தால். தொழிலாளிக்கு வருடமுடிவில் தருகிற சம்பளச் சீட்டான டி4 தருவீர்களா என்று நேர்முகத்திலேயே கேளுங்கள், மழுப்பினால் அடுத்த கம்பனி. முதல் சம்பளத் துண்டில் சிபிபி (ஓய்வூதியம்), இஐ (வேலையிழப்புக் காப்புறுதி) என்ற இரண்டு வெட்டும் இல்லையென்றால் அன்றைக்கே கேட்க வேண்டும். வரி கட்டுகிற ஏப்ரல் வரை பொறுத்திருக்காதீர்கள்.