பழைய அம்பாசடருக்கு வாட்டர் பம்ப் எங்கே கிடைக்கும்?

உங்கள் 1985ஆம் ஆண்டு மாடல் அம்பாசடர் காருக்கு, எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் கும்பகோணத்தில் கிடைக்கவில்லை என்கிறீர்கள். கார் உற்பத்தியே 2014இல் நின்றுவிட்டது. ஆனால் பழைய பம்பைத் தூக்கி எறியாதீர்கள். அதன் கூடு விரிசல் விடவில்லை என்றால் பேரிங், சீல், ஷாஃப்ட் ஆகியவற்றை மட்டும் மாற்றிவிடலாம். பேரிங்கில் பொறித்த எண்ணைக் காட்டினால் பேரிங் கடையிலேயே இணையானது கிடைக்கக்கூடும். ஷாஃப்ட் தேய்ந்திருந்தால், பம்புசெட் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். தை, மாசியில் மட்டும் போகாதீர்கள். அறுவடை இயந்திரங்களுக்குப் பின்னால்தான் உங்கள் முறை!

கூடே உடைந்திருந்தால், பழைய வண்டி பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டைக்குத்தான் போக வேண்டும். 1489 சிசி எஞ்சின் என்று சொல்லிக் கேளுங்கள், பிற்கால 1.8 லிட்டர் இசுசு எஞ்சினின் பம்ப் இதற்குப் பொருந்தாது. பிரேக் பாகங்களை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். பெட்டி பிரிக்காமல் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும்.