கடல்நீர்க் குழாய்க்கு எந்த எல்போ, எந்த டேப்?

கேள்வி: சிறிய படகு டீசல் எஞ்சின். எஞ்சின் சூட்டைக் கடல்நீரால் தணிக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குக் கடல்நீர் போகும் இடத்தில் 3/8 அங்குல எல்போ (வளைந்த குழாய் இணைப்பு) கசிந்தது. வீட்டுக் குழாய்க்கு விற்கும் பித்தளை எல்போ ஒன்றை வாங்கி, டெஃப்லான் டேப் நிறையச் சுற்றி மாட்டினேன். இரண்டு சுற்றிலேயே இறுகிவிட்டது, கசிவும் நிற்கவில்லை. மரையில் தடவிக் கசிவை அடைக்க நல்ல பேஸ்ட் எது?

பதில்: பேஸ்ட் இருக்கட்டும், மரையே பொருந்தவில்லை போலிருக்கிறது. குழாய் மரையில் என்பிடி (அமெரிக்க அளவுமுறை), பிஎஸ்பி (பிரிட்டிஷ் அளவுமுறை) என்று இரண்டு வகை. 3/8-ல் என்பிடிக்கு அங்குலத்துக்கு 18 மரை, பிஎஸ்பிக்கு 19. அதனால்தான் இரண்டு சுற்றில் பிடித்துக்கொள்கிறது. 1/2, 3/4 அளவுகள் இன்னும் ஏமாற்றும்: இரண்டிலும் 14 மரைதான், சுகமாக ஏறும். ஆனால் மரையின் கோணம் என்பிடியில் 60 டிகிரி, பிஎஸ்பியில் 55, கசிந்துகொண்டே இருக்கும். பழைய எல்போவையும் புதியதையும் மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பல் பல்லோடு உட்காராமல் இடைவெளி தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதற்கு மேல் ஸ்பேனர் போட்டு முறுக்கினால் எக்ஸ்சேஞ்சரின் மரைதான் போகும்.

அடுத்தது உலோகம். சாதாரணப் பித்தளையில் உள்ள துத்தநாகத்தைக் கடல்நீர் அரித்தெடுத்துவிடும். மிஞ்சுவது இளஞ்சிவப்பு நிறத்தில் ஓட்டை விழுந்த செம்பு. வெளியே முழுசாகத் தெரியும், தட்டினால் உடையும். வெண்கலம் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் துத்தநாக அரிப்பைத் தாங்கும் டிஇசட்ஆர் பித்தளை. 316 ஸ்டெயின்லெஸ் பளபளப்பாக இருக்கும். ஆனால் மரையிடுக்கில் காற்றுப் படாமல் உப்புநீர் தேங்கினால் அங்கேயே குழி விழும். வெண்கலம் கிடைக்கும்போது ஸ்டெயின்லெஸ்ஸை நான் எடுக்கமாட்டேன். எந்த உலோகமானாலும் புது எல்போவின் உள்துளை பழையதைவிடச் சிறியதாக இருக்கவே கூடாது. தண்ணீர் குறைந்து எஞ்சின் சூடாகும்.

டேப் தவறில்லை, நிறையச் சுற்றியதுதான் தவறு. மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் திசையில் இரண்டு மூன்று சுற்றுப் போதும். முதல் மரையை வெறுமனே விடுங்கள். அங்கே சுற்றியது பிய்ந்து உள்ளே போய் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய குழாயை அடைக்கும். இந்தத் தொல்லை வேண்டாமென்றால், முழுசாகக் காய்ந்து கட்டியாகாத, கூலன்டையும் சூட்டையும் தாங்கும் குழாய்மரை பேஸ்ட் வாங்கலாம். காற்றில்லா இடுக்கில் இறுகும் வகைப் பசையைப் பிளாஸ்டிக் ஃபிட்டிங்கில் தடவாதீர்கள், விரிசல் விடும். ஒற்றை ஒயர் வெப்பநிலை சென்சாருக்கு டேப் வேண்டாம். அது எர்த் எடுப்பதே மரை வழியாகத்தான்.

கையால் இறுகிய பின் ஸ்பேனரில் இரண்டு சுற்றுக்குள் முடியுங்கள். எல்போ வேறு பக்கம் பார்க்கிறதா? முன்னோக்கியே திருப்புங்கள். பின்னால் கால் சுற்றுத் திருப்பினாலும் சீல் விட்டுவிடும். கழற்றித் துடைத்து, புது டேப்பில் மறுபடி தொடங்க வேண்டியதுதான். எஞ்சினை நன்றாகச் சூடேற்றி ஓட்டி, ஆறிய பிறகு மறுநாள் மரையோரம் பாருங்கள். சொட்டே விழாத கசிவும் அங்கே வெள்ளை உப்பாகப் பூத்திருக்கும்.