மூன்று செபமாலை சொல்கிறேன், மாமியாரிடம் எரிந்து விழுகிறேன்

கேள்வி: அக்கா, நான் காரைக்குடியில் இருக்கிறேன். வயது 46. வீட்டிலேயே ஆர்டருக்குப் பலகாரம் போட்டுக் கொடுக்கிறேன். சீப்புச் சீடை, தேன்குழல், மனகோலம், அதிரசம் எல்லாம் உண்டு. உதவிக்கு இரண்டு பெண்கள் வருகிறார்கள். கணவர் வாரத்தில் பாதி நாள் வெளியூர். மாமியாருக்கு 81 வயது, நினைவு தப்பிப்போகிறது. சாயங்காலமானால் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு, "பெரியவன் வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். என் கணவரின் அண்ணன் இறந்து பல வருடமாகிறது. போன வாரம் அடுப்பில் எண்ணெய் காய்கிற நேரத்தில் கேட்டார். "அவர் செத்துப்போயிட்டாரு அத்தை, எத்தனை தடவை சொல்றது!" என்று கத்திவிட்டேன். அப்போதுதான் முதல்முறை கேள்விப்பட்டதுபோல் அழுதார். அடுத்த நாள் அதே கேள்வி.

திருவருகைக் காலம் தொடங்கியதும் எங்கள் சாமியார் பிரசங்கத்தில், இந்த நாலு வாரமும் செபத்திலும் வீட்டிலும் கனிவைப் பழகுங்கள் என்றார். நானும் காலைப் பூசைக்குப் போகிறேன், தினம் மூன்று செபமாலை சொல்கிறேன், வெள்ளிக்கிழமை ஒருபொழுது இருக்கிறேன். ஆனால் கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பழைய குருடி கதவைத் திறடிதான். சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்திலும் வருஷா வருஷம் இதையே சொல்கிறேன். வேலைக்கு வரும் பெண்களிடம் கொஞ்சம் தணிந்து பேசினால் ஏறி மிதித்துவிட்டுப் போகிறார்கள். எனக்குக் கனிவு வராதா?

– பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் நாளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். விடியலில் பூசை, வந்ததும் அடுப்பு, மாவு, பாகு, ஆர்டர், கணக்கு, அத்தைக்குச் சாப்பாடு, மூன்று செபமாலை, வாரத்தில் ஒரு நாள் பட்டினி வேறு. இதில் மூச்சு விடுவது எப்போது? மனசு கல்லாகிவிட்டது என்று எழுதாத குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஓடிக்கொண்டே இருக்கிற ஒருத்தியை ஒரு கிழவி சேலையைப் பிடித்து நிறுத்துகிறாள், இவள் உதறுகிறாள். நடந்தது அவ்வளவுதான். கனிவுக்கு எதிரி கோபம் என்று நினைக்கிறோம். என் கணக்கில் அவசரம்தான் முதல் எதிரி, கோபம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருவது.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: கிறிஸ்துமஸுக்கு முன் வரும் நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கியது திருவருகைக் காலம். பூசையில் ஊதா உடை, 'உன்னதங்களிலே' பாட்டு கிடையாது, குடில் கட்டுவார்கள், காத்திருப்பார்கள். காத்திருப்பது நம் சீமைக்குப் புதிதில்லை. கார்த்திகைத் தீபத்திலிருந்து 21 நாள் எண்ணி, 21 நூலிழையைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றிப் பிள்ளையார் நோன்பு 'இழை' எடுக்கிற நகரத்தார் வீடுகள் உங்கள் தெருவைச் சுற்றிலும் இருக்கின்றன. அந்த நோன்புக்கும் உங்களிடம் ஆர்டர் வருமென்று நினைக்கிறேன். ஆகவே டிசம்பர் உங்களுக்கு இரட்டைச் சுமை.

திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமைப் பூசையில் பைபிளின் எசாயா நூலிலிருந்து 40ஆம் அதிகாரத்தின் தொடக்கம் வாசிப்பார்கள். ஆண்டவர் ஆயனைப்போல் மந்தையை மேய்ப்பார், குட்டிகளைத் தோளில் சுமப்பார், சினையாடுகளைப் பார்த்துப் பார்த்து நடத்திச் செல்வார் என்று வரும். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. அறுப்பு முடிந்த வயல்களில் கிடை போட வரும் கீதாரிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நேற்றுப் பிறந்த குட்டி தோளில் இருக்கும். சினையாடு எவ்வளவு மெல்ல நடக்கிறதோ, அதைப் பார்த்துத்தான் மந்தை நகரும். அதை அடித்து விரட்டினால் குட்டி தங்காது என்பது கீதாரிக்குத் தெரியும். அவர் அந்த ஆட்டின் மேல் உருகி நிற்கிறாரா, அன்று எரிச்சலில் இருக்கிறாரா என்பது வேறு விஷயம். நடையை அவர் குறைத்துக்கொள்கிறார். உங்களிடம் கேட்கப்படுவதும் அதுதான். உள்ளே உருக்கம் ஊறட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நடையைக் குறையுங்கள். உருக்கம் வந்தால் வரட்டும்.

முதலில் செபம். மூன்று செபமாலையில் இரண்டை விட்டுவிடுங்கள். திடுக்கிடாதீர்கள், எந்தச் சாமியாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். மிஞ்சும் நேரத்தில் பத்து நிமிடம் ஒன்றும் சொல்லாமல் உட்காருங்கள். கோயிலில் பூசை முடிந்து கூட்டம் கலைந்தபிறகு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாலும் சரி, வீட்டில் மாவு ஊறுகிற நேரமானாலும் சரி. "ஆண்டவரே, என்னைக் கனிவாக்கும்" என்று விண்ணப்பம் போடத் தொடங்கிவிடாதீர்கள். அதுவும் ஒரு ஆர்டராகிவிடும். நேற்று நடந்ததை மட்டும் அவர் முன்னால் வையுங்கள்: எண்ணெய் காய்ந்தது, அத்தை கேட்டார், நான் கத்தினேன், அவர் அழுதார். விளக்கமும் வேண்டாம், சாக்கும் வேண்டாம், உங்களை நீங்களே திட்டிக்கொள்ளவும் வேண்டாம். நீங்கள் உங்களைப் பார்க்கிற மாதிரிதான் அவரும் உங்களைப் பார்க்கிறாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அதே வாரம் வியாழக்கிழமை எசாயா 41 வரும். அதில் கடவுள் யாக்கோபை, அதாவது இஸ்ரயேல் மக்களை, புழு என்றே கூப்பிடுகிறார், ஆனால் அதன் வலக்கையைப் பிடித்துக்கொண்டு அஞ்சாதே என்கிறார். புழுவுக்கு ஏது கை என்று சிரிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8 அன்று மரியாவின் கணவர் புனித சூசையப்பரைப் பற்றி எழுதிய மடலில் ஒரு கருத்து சொன்னார்: அடுத்தவரைச் சுட்டிச் சுட்டிக் குற்றம் சொல்வது, பெரும்பாலும் நம்முடைய பலவீனத்தை நாமே ஏற்றுக்கொள்ள முடியாததன் அடையாளம் என்று. உங்கள் கடிதத்தை அதோடு சேர்த்துப் படித்தேன். அத்தையிடம் கத்திய அதே குரலில்தான் உங்களிடமும் பேசிக்கொள்கிறீர்கள். "எனக்குக் கனிவு வராதா" என்ற கேள்வியிலேயே அந்த அதட்டல் இருக்கிறது.

பாவசங்கீர்த்தனத்தில் வருஷா வருஷம் ஒன்றையே சொல்வது வெட்கமில்லை. ஆனால் "கோபப்பட்டேன்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். மகனை இழந்த தாயிடம் அந்தச் சாவை முகத்தில் அடித்தாற்போல் சொன்னேன் என்று சொல்லுங்கள். நடந்ததைப் பெயர் சொல்லிச் சொன்னால், அடுத்த முறை அது வாய்க்கு வருமுன் அடையாளம் தெரியும்.

இனி அத்தை. நினைவு தப்புகிறவர்களுக்குச் சாயங்காலத்தில் குழப்பமும் பதற்றமும் கூடுவது பல பேருக்கு உண்டு. அவர் வேண்டுமென்று உங்களைச் சோதிக்கவில்லை. இருட்டுவதற்கு முன்பே வாசலிலும் முற்றத்திலும் விளக்கைப் போட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் மிக்ஸி, டிவி இரைச்சல் இல்லாமல் பாருங்கள். முக்கியமாக, மகன் இறந்த செய்தியை இனி அவருக்குச் சொல்லாதீர்கள். உங்களுக்கு அது பழைய சேதி. அவருக்கு ஒவ்வொரு முறையும் அன்றைக்குத்தான் சாவு விழுகிறது.

அப்படியானால் பொய் சொல்வதா என்று உங்கள் மனசாட்சி கேட்கும். "இதோ வந்துடுவாரு" என்று சொல்ல வேண்டியதில்லை. "பெரியவர் ஞாபகம் வந்துடுச்சா அத்தை? சின்ன வயசுல என்ன சேட்டை பண்ணுவாரு?" என்று கேளுங்கள். இதில் பொய் எங்கே இருக்கிறது? அவர் மகனைத் தேடுகிறார், நீங்கள் மகனைப் பற்றியே பேசுகிறீர்கள். பல நாள் அந்தப் பேச்சே அவருக்குப் போதுமாக இருக்கும். போதாத நாளும் வரும். அன்று பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை.

மீதமிருக்கும் அந்த ஒரு செபமாலையை இந்த நேரத்துக்கு மாற்றுங்கள். பத்துப் பத்து மணியாக வரும் ஐந்து தேவரகசியமும் வேண்டாம், ஒன்றின் பத்து மணி போதும். வாசலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உரக்க, மெதுவாகச் சொல்லுங்கள். புதிய வாசகம் அவருக்கு ஓடாமல் போகலாம். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று அவர் சிறுமியாகக் கற்ற பழைய செபத்தைத் தொடங்கிப் பாருங்கள். இன்று காலையில் சாப்பிட்டது மறந்துபோனவர்களுக்கும் சின்ன வயசில் மனப்பாடம் செய்த செபமும் பாட்டும் தங்கியிருப்பதுண்டு. "அர்ச்சியசிஷ்ட மரியாயே" என்று மறுபாதியை அவர் எடுத்துக்கொண்டால், அன்று செபத்தை நடத்துவது அவர், நீங்கள் பின்னால் போகிறவர். கோயிலில் ஒரு கணக்கு, வீட்டில் ஒரு கணக்கு என்று நீங்கள் எழுதிவந்த இரண்டு நோட்டும் அங்கே ஒன்றாகிவிடும். எடுத்துக்கொள்ளாவிட்டால் பரவாயில்லை, நீங்களே சொல்லி முடியுங்கள்.

கத்தல் வாய் வரை வந்துவிட்ட நிமிடத்துக்கு நீளச் செபம் உதவாது. திரு இருதய மன்றாட்டின் முடிவில் பாட்டிமார் சொல்வது உங்களுக்கும் தெரிந்திருக்கும்: மனத்தாழ்ச்சியும் சாந்தமும் உள்ள இயேசுவே, எங்கள் இருதயத்தை உமது இருதயத்துக்கு ஒத்ததாக்கும். அடுப்பைக் குறைத்துவிட்டு அதைச் சொல்லுங்கள். அடுப்பைக் குறைப்பது முக்கியம். எண்ணெய் புகையும்போது எந்தச் செபமும் ஏறாது.

அடுத்து, வேலைக்கு வரும் பெண்கள். கனிவு என்றால் தீய்ந்த மனகோலத்தைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று யார் சொன்னது? டிசம்பர் 18 அன்று வாசிக்கும் நற்செய்தியில் சூசையப்பரை நேர்மையாளர் என்கிறார் மத்தேயு. மரியா கருவுற்ற செய்தி அவருக்கு எப்படி இருந்திருக்கும்! அப்போதும் ஊர் நடுவே அவமானப்படுத்த அவருக்கு மனசில்லை. கனவில் தூதர் வந்து உண்மையைச் சொல்லுமுன்பே எடுத்த முடிவு அது. நீங்களும் தவறைச் சொல்லுங்கள், கறாராகச் சொல்லுங்கள், நஷ்டக் கணக்கையும் சொல்லுங்கள். ஆனால் ஆர்டர் வாங்க வந்த ஆச்சி முன்னால் வேண்டாம், இன்னொரு பெண் முன்னாலும் வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு, உட்காரவைத்து, ஒருமுறை. ஏறி மிதிக்கிறவர்கள் கனிவாகப் பேசியதால் மிதிப்பதில்லை. இன்று திட்டி நாளை விட்டுக்கொடுத்து, ஒரு நிலையில் இல்லாமல் இருப்பதால் மிதிக்கிறார்கள். லீவு, கூலி, முன்பணம் மூன்றுக்கும் ஒரு முறை வைத்து அதிலேயே நில்லுங்கள். குரலை உயர்த்த வேண்டிய வேலை பாதி குறைந்துவிடும்.

எனக்குக் கனிவு வராது என்றீர்கள். சீப்புச் சீடை போடுகிறவர் சொல்கிற பேச்சா இது? அச்சில் பிழிந்த வரிவரியான மாவை நறுக்கி, விரல் நுனியில் வளைத்து, இரண்டு முனையையும் ஒட்டவேண்டும். அழுத்தினால் வரி நசுங்கிவிடும், பட்டும் படாமலும் விட்டால் எண்ணெயில் விரிந்துகொள்ளும். எவ்வளவு அழுத்த வேண்டுமென்று உங்கள் விரலுக்குத் தெரிகிறது. அத்தைக்குத் தலை வாரும்போதும் அதே விரல்தானே?

இதையெல்லாம் நீங்கள் ஒருத்தியே சுமக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. இறந்துபோன அண்ணனைத் தவிர, உங்கள் கணவரின் மற்ற உடன்பிறந்தவர்கள் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. இருந்தால் கூப்பிட்டுப் பேசுங்கள். குத்திக்காட்டாமல், "அம்மாவுக்கு இப்போ இப்படி இருக்கு. கிறிஸ்துமஸ் பலகார நெருக்கடி வாரத்துல ரெண்டு நாள் வந்து கூட இருங்க" என்று தேதி போட்டுக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். உங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குழுவில், சாயங்காலம் ஒரு மணி நேரம் அத்தையோடு உட்கார்ந்திருக்க யாராவது இருப்பார்கள். கேரல் பாட வீடு வீடாக வருகிறவர்கள் இதற்கு வர மாட்டார்களா? மரியா தன் உறவுக்காரரான எலிசபெத்தம்மாளிடம் போய் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார் என்கிறார் லூக்கா. வயதான கர்ப்பிணி வீட்டில் தங்கி என்ன செய்திருப்பார்? தண்ணீர் எடுத்திருப்பார், மாவு பிசைந்திருப்பார். அந்த உதவியை வாங்கிக்கொள்ள எலிசபெத்தம்மாள் கூச்சப்படவில்லை.

அத்தையை இதுவரை டாக்டரிடம் காட்டவில்லை என்றால், கிறிஸ்துமஸ் கழியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தூரமில்லை. குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று அதிகமானால், சிறுநீர்த் தொற்றுபோல் உடனே சரிசெய்யக்கூடிய காரணமும் இருக்கலாம், அன்றே காட்டவேண்டும். முதியோருக்கான இலவச உதவி எண் 14567. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை தமிழிலேயே பேசலாம், பராமரிக்கிறவர்களும் ஆலோசனை கேட்கலாம்.

வெள்ளிக்கிழமை ஒருபொழுதை நீங்கள் நிறுத்தவேண்டும் என்பது என் அபிப்பிராயம். வெறும் வயிற்றோடு அடுப்படியில் நிற்கிறவளுக்குச் சாயங்காலம் சுள்ளென்று வரத்தான் செய்யும். அதற்குப் பதிலாக ஆர்டரைக் குறைத்துக்கொள்வதை இந்த வருட ஒறுத்தலாக வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்களுக்கு நிஜமாக வலிக்கும், வருமானமும் கொஞ்சம் அடிபடும். டிசம்பர் 20க்கு மேல் புதிதாக எதையும் ஏற்பதில்லை என்று இன்றே ஒரு அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிடுங்கள். முதல் இரண்டு நாள் வாடிக்கையாளர்கள் முனகுவார்கள், பிறகு முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள்.