மூவர் கோயிலின் மூன்றாவது கோயில் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருச்சியிலிருந்து மதுரை போகும் வழியில், விராலிமலை தாண்டி கொடும்பாளூருக்குத் திரும்பி மூவர் கோயிலைப் பார்த்தோம். மூன்று கோயில் என்கிறார்கள், நிற்பது இரண்டுதான். மூன்றாவதற்கு வெறும் அடித்தளம். விளக்கில்லை, பூசையில்லை. சீக்கிரமே கிளம்பிவிட்டோம். "சாமி இல்லாத இடத்துல நிக்கவே மனசு கேக்கலை" என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பக்கத்திலேயே மாதிரிக்கு இரண்டு இருக்கும்போது மூன்றாவதையும் எழுப்பி, கும்பாபிஷேகம் செய்தால் என்ன? இடிந்ததை இடிந்தபடியே வைத்திருப்பதால் யாருக்கு என்ன பயன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அம்மாவின் வருத்தம் நியாயமானது. விளக்கும் மணியோசையுமாகக் கோயிலை அறிந்தவருக்கு அங்கே நிற்பது கஷ்டம்தான். அவரிடம் நான் வாதாட மாட்டேன். உங்கள் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்: மூன்றாவது கோயிலைக் கட்டக் கூடாது.

இடியாமல் நிற்கிற இரண்டு விமானங்களை மட்டும் நீங்கள் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் செய்வதுதான். கொஞ்சம் தரையைப் பார்த்து நடந்தால் அந்த இடமே மாறிவிடும். மூன்று கருவறைகளுக்கும் தனித்தனி அர்த்தமண்டபம், மூன்றுக்கும் பொதுவாக முன்னால் ஒரு மகாமண்டபம், நந்திக்கு ஓர் இடம், சுற்றிவரப் பரிவார தெய்வங்களின் சின்னச் சின்ன சன்னதிகள், மதில், கிணறு. எல்லாவற்றின் கால்தடமும் அங்கே கிடக்கிறது. இத்தனைக்கும் நடுவில் மிச்சமானவைதான் அந்த இரண்டும்.

கட்டியவன் பூதி விக்கிரமகேசரி, இருக்குவேளிர் மரபின் சிற்றரசன். தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற தன் இரு தேவியர் பெயரிலும் மூன்று விமானங்கள் எடுத்ததாக நடுக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. மல்லிகார்ஜுனர் என்ற காளாமுகத் துறவிக்கு (காளாமுகம் ஒரு பழைய சைவப் பிரிவு) பெரிய மடம் ஒன்றைக் கொடுத்து, 50 துறவிகளுக்கு அன்னமிட 11 ஊர்களை விட்டிருக்கிறான். தினமும் ஐம்பது இலை விழுந்த இடம் அது! கல்வெட்டில் ஆண்டுக் குறிப்பு இல்லாததால் ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று ஒரு கட்சியும், பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்று இன்னொரு கட்சியும் உண்டு. ஊர் அதைவிடப் பழையது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வழி சொல்லும் மறையவன், கொடும்பையின், அதாவது இந்தக் கொடும்பாளூரின், நெடுங்குளத்தைக் கடந்தால் பாதை சிவனின் சூலம்போல மூன்றாகப் பிரியும் என்கிறான். நீங்கள் காரில் போன அதே மதுரைக்குத்தான் அவனும் வழி சொன்னான்.

சரி, மூன்றாவதைக் கட்டும் விஷயத்துக்கு வருகிறேன். நம் முன்னோர் இடித்துக் கட்டவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கட்டினார்கள். முதலாம் ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் திருமழபாடிக் கோயிலின் விமானத்தை இறக்கிவிட்டுப் புதிதாக எடுக்க ஆணையிட்டான். ஆனால் அதற்கு முன் அங்கிருந்த கல்வெட்டுகளையெல்லாம் ஏட்டில் படியெடுக்கச் சொன்னான். அவன் மகன் ராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில் அவை புதுச் சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. அந்த நிதானம் நம் திருப்பணிகளில் எத்தனையில் இருக்கிறது? சுத்தம் செய்வதாகச் சொல்லி அடித்த மணல் வீச்சில் எழுத்து மழுங்கிப்போன சுவர்களையும், எனாமல் பெயின்ட் அடித்த துவாரபாலகர்களையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இன்னொன்று, கொடும்பாளூரில் நிற்கிற இரண்டில் ஒன்று மற்றதின் நகல் இல்லை. சுவர் மாடங்களில் இருக்கும் சிற்பங்கள் வேறு வேறு. மூன்றாவதில் என்ன இருந்தது என்று எந்த ஸ்தபதியாலும் சொல்ல முடியாது. அவர் கற்பனையில் ஒன்றைச் செய்து வைப்பார். ஐம்பது வருஷம் வெயிலும் மழையும் பட்டால் அதுவும் கறுத்துவிடும். அப்புறம் வருகிறவர் அதையும் இருக்குவேள் கட்டியதென்றே எண்ணுவார். ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்று 1964-இல், பழைய நினைவுச்சின்னங்களைப் பேணுவதற்கான சர்வதேச நெறிமுறையான வெனிஸ் சாசனத்தில் எழுதி வைத்தார்கள். சரிந்த கல்லை அதன் பழைய இடத்திலேயே தூக்கி வைக்கலாம், தவறில்லை. இல்லாத கல்லைப் புதிதாகச் செதுக்கி, கோயில் முழுசாகிவிட்டது என்று காட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அந்த வெற்று அடித்தளத்துக்கு ஒரு பயனும் இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்து இல்லாமல், கல்லின் கனத்தையே நம்பி அடுக்கிய கட்டுமானம் அது. முழுக் கோயிலில் கல்லும் கல்லும் சேரும் உட்புறம் கண்ணுக்குத் தெரியாது. இங்கே திறந்து கிடக்கிறது. பறவை எச்சத்தில் விழுந்த ஓர் ஆலம்விதை இந்த இடுக்கில் வேர்விட்டால் என்ன ஆகும் என்பதும் உடனே புரியும். அத்தனை பேர் ஏன் கோபுரத்துச் செடியைப் பிடுங்கச் சொல்லி மன்றாடுகிறார்கள் என்பதும்.

அடுத்த முறை மாலையில் போங்கள். கோயில்கள் மேற்குப் பார்த்தவை, இறங்குவெயில் நேராக முகப்பில் விழும். முதலில் வடக்கே இருக்கும் அடித்தளத்தின் அருகில் உட்கார்ந்து கல்வரிசைகளைக் கீழிருந்து பாருங்கள். பிறகு நடுக்கோயிலுக்கு வந்து, அதே வரிசைகளில் தொடங்கிக் கண்ணை மெதுவாக மேலே ஏற்றுங்கள். யாளி வரிசை, சுவர், கூரைவிளிம்பின் கீழே குள்ளக் குள்ள பூதகணங்கள், அதற்கும் மேலே தளம், கழுத்து, சிகரம். மாடங்களில் அர்த்தநாரியைத் தேடிப் பாருங்கள். அம்மாவுக்கும் அவரைப் பிடிக்கும். கல்வெட்டு கிரந்த எழுத்தில் இருக்கிறது. வாசிக்கத் தெரியாவிட்டாலும் நின்று பாருங்கள், விரலால் மட்டும் தடவாதீர்கள்.