விசிட் விசாவில் வீட்டு வேலையா? அண்ணியின் பயணத்தை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: என் அண்ணிக்கு 27 வயது. எட்டாவது வரை படித்தவர். குவைத்தில் ஓர் அரபி வீட்டில் வேலை வாங்கித் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்லி, 40 ஆயிரம் முன்பணமும் வாங்கிவிட்டார். விசிட் விசாவில் துபாய் போய், அங்கிருந்து குவைத் போகணுமாம். அண்ணி முழு சம்மதத்தோடுதான் கிளம்புகிறார். பெண்களைக் கடத்துவதைத் தடுக்க ஐ.நா. ஒப்பந்தம் இருக்கிறதே, ஏதாவது ஆனால் அது காப்பாற்றாதா? (வாசகி, விழுப்புரம் மாவட்டம்)

பதில்: ஒப்பந்தம் இருப்பது உண்மைதான். ஆனால் உங்கள் அண்ணி போகிற வழி, அவரை அதன் கைக்கு எட்டாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அதனால் முதலில் பயணத்தை நிறுத்துங்கள்.

நீங்கள் சொல்வது பாலெர்மோ நெறிமுறை. 2000-இல் ஐ.நா. ஏற்றது. குவைத் 2006-இலும் இந்தியா 2011-இலும் அதில் சேர்ந்தன. 1904 முதல் 1949 வரை வந்த பழைய உடன்படிக்கைகள் பாலியல் தொழிலுக்காகக் கடத்துவதை மட்டுமே பார்த்தன. கட்டாய வேலையும் அடிமைத்தனமும் கடத்தலுக்கான நோக்கங்களாக இந்த நெறிமுறையில்தான் இடம்பெற்றன. வீட்டு வேலைக்குப் போய் பூட்டி வைக்கப்படும் பெண்ணும் இதனால்தான் கணக்கில் வருகிறாள்.

சம்மதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏமாற்றியோ மிரட்டியோ, ஒருவருடைய இயலாமையைப் பயன்படுத்தியோ வாங்கிய சம்மதம் செல்லாது என்கிறது நெறிமுறை. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் ஏமாற்றியதைக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. நம் நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவும் சம்மதம் ஒரு பொருட்டல்ல என்றுதான் சொல்கிறது. தண்டனை குறைந்தது 7 ஆண்டு. ‘அவளாகத்தானே போனாள்’ என்று பின்னால் யாராவது சொன்னால் தலைகுனியாதீர்கள்.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் தடுக்கிறேன்? பத்தாவது தேறாதவர் என்பதால் அண்ணியின் பாஸ்போர்ட் ‘ஈசிஆர்’ வகையாக, அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையாக இருக்கும். அந்த வகை பாஸ்போர்ட்டோடு வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆளெடுப்பதும் மாநில அரசு நிறுவனங்கள் வழியாகத்தான். நமக்கு அது சென்னையில் இருக்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். தனியார் ஏஜென்ட் உரிமம் வைத்திருந்தாலும் அண்ணியை இந்த வேலைக்கு அனுப்ப முடியாது. விசிட் விசா எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். (இந்த வயது வரம்பே பல பெண்களைக் களவு வழிக்குத் தள்ளுகிறது என்பது என் கருத்து. ஆனாலும் இன்றைய விதி இதுதான்.)

விமான நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு கவர் கொடுப்பார்கள். உள்ளே விசிட் விசா, ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங். ‘கேட்டால் சுற்றிப் பார்க்கப் போறேன்னு சொல்லும்மா, வேலைன்னு வாயைத் திறக்காதே’ என்று பாடமும் நடக்கும். சுற்றுலாப் பயணிக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. ரிட்டர்ன் டிக்கெட் அதற்கான வேஷம்தான். அண்ணி சொல்லும் அந்த ஒரு பொய்யோடு வேலை ஒப்பந்தம், தூதரகப் பதிவு, 10 லட்ச ரூபாய் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு எல்லாமே இல்லாமல் போகின்றன. அங்கே அடி விழுந்தாலும் போலீசுக்குப் போகப் பயப்படுவார், தானே பொய் சொல்லி வந்தவர் என்பதால். அந்தப் பயத்தை வைத்துத்தான் இந்த ஏஜென்ட்கள் பிழைக்கிறார்கள். ‘உனக்காக இவ்வளவு பணம் கொடுத்திருக்கேன், அதைக் கட்டிட்டுப் போ’ என்று கஃபீல் (வேலைக்கு வைத்திருக்கும் அந்நாட்டு முதலாளி) சொல்வது அதற்கப்புறம்.

குவைத்தில் சட்டமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2013-இல் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. 2015-இல் வீட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது: நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கக் கூடாது. ஆனால் இதையெல்லாம் கேட்டு வாங்க, முறையான ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும்.

ஏஜென்டிடம் பதிவு எண் கேளுங்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ‘என் மேல நம்பிக்கை இல்லையா?’ என்று கோபப்பட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்த ஏஜென்ட்கூட சேவைக் கட்டணமாக 30 ஆயிரமும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். உங்களிடம் முன்பணமே 40 ஆயிரம் போயிருக்கிறது.

யாராவது ஏற்கெனவே அங்கே சிக்கியிருந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற இணையதளத்தில் வீட்டிலிருந்தே புகார் பதியலாம். அமைச்சகத்தின் உதவி எண் 1800 11 3090-க்கும் பேசலாம். பாஸ்போர்ட் நகலும் கடைசியாகப் பேசிய எண்ணும் தயாராக இருக்கட்டும். திரும்பி வர டிக்கெட்டுக்கு வழியில்லாதவர்களுக்குத் தூதரகத்தில் சமூக நல நிதி உண்டு. விசிட் விசாவில் போனவரானாலும் தயங்காமல் கேளுங்கள்.

முன்பணத்தை விட்டுவிடாதீர்கள். பணம் அனுப்பிய ஜிபே பதிவையும், அவர் பேசிய வாட்ஸ்அப் ஆடியோக்களையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் புகார் கொடுங்கள். பதிவில்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுப்பது, 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை போகும் குற்றம். புகாரில் அண்ணியும் கையெழுத்துப் போடட்டும்.