மருத்துவர் பதில்: பகலில் சைக்கிள், இரவில் இறங்கும் சர்க்கரை

கேள்வி: வணக்கம் டொக்டர். எனக்கு 54 வயது, பாரிஸ் புறநகரில் இருக்கிறேன். எட்டு வருடமாகச் சீனி வருத்தம். மெட்ஃபோர்மின் 1000 இரண்டு நேரமும், காலையில் கிளிக்ளாசைட் 60 ஒன்றும், பிரஷருக்கு பிசோப்ரொலோலும் எடுக்கிறேன். போன வருடம் ரோட் சைக்கிள் ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெவ்ரூஸ் பள்ளத்தாக்குப் பக்கம் ஓடுகிறேன். போன மாதம் 60 கிலோமீட்டர் ஓடிய அன்று மூன்றாவது ஏற்றத்தில் கை நடுங்கி, வேர்த்து, கண் மங்கிவிட்டது. வாழைப்பழம் சாப்பிட்டதும் சரியாகிவிட்டது. ஆனால் அன்று இரவு மூன்று மணிக்கு உடுப்பெல்லாம் நனைய வேர்த்து எழும்பினேன். சோதித்தால் சீனி 0.58. மனைவி சைக்கிளை விற்கச் சொல்கிறா. ஆகஸ்ட் கடைசியில் நண்பர்களோடு தென்மேற்கு பிரான்ஸின் ஜெர்ஸ் பகுதியில் நான்கு நாள் ஓடத் திட்டம். பெரிய மலை இல்லை, மெல்லிய மேடு பள்ளம்தான். போகலாமா? ஓடும் நாட்களில் குளிசையை விடலாமா?

பதில்: சைக்கிளை விற்க வேண்டாம். உங்கள் வயதில், உங்கள் நோய்க்கு, வாரம் ஒருமுறை இப்படிக் கால் வலிக்க மிதிப்பதைவிட நல்ல மருந்தை நான் எழுதித் தர முடியாது. ஆனால் உங்கள் மனைவி பயந்ததில் நியாயம் இருக்கிறது. பிரான்ஸில் லிட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்லும் 0.58 என்பது நம் ஊர்க் கணக்கில் 100 மில்லிலிட்டருக்கு 58 மில்லிகிராம். 70-க்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரைதான். தூக்கத்தில் 58 என்றால் அதை லேசாக விட்டுவிட முடியாது, நல்ல வேளை நீங்கள் விழித்துக்கொண்டீர்கள்.

ஏன் இப்படி ஆனது? மெட்ஃபோர்மின் தனியாக இதைச் செய்வது அபூர்வம். கிளிக்ளாசைட் அப்படியில்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா, சோஃபாவில் இருக்கிறீர்களா, ஏற்றத்தில் இருக்கிறீர்களா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும் மாத்திரை அது. 60 மில்லிகிராம் என்பது மெதுவாகக் கரையும் வகை, காலையில் போட்டால் அடுத்த நாள் காலைவரை வேலை செய்யும். மிதிக்கும் தசையோ இன்சுலின் இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்ததுதான் மூன்றாவது ஏற்றத்தில் உங்கள் கையை நடுங்க வைத்தது. இரவில் நடந்தது அதன் தொடர்ச்சி. காலியான தசைகள் தங்கள் சேமிப்பை நிரப்பிக்கொள்ள இரவெல்லாம் சர்க்கரையை எடுத்துக்கொண்டிருக்கும், உடம்பு இன்சுலினுக்கு அதிகமாக இணங்கும், இது 24 மணி நேரமும் அதற்கு மேலும் நீடிக்கலாம், அந்த நேரத்தில் காலையில் போட்ட மாத்திரையும் உள்ளே இன்னும் இருக்கிறது. வாழைப்பழம் பகல் பிரச்சினையைத் தீர்த்தது, இரவுக்கு அது போதாது.

அப்புறம் அந்த “மெல்லிய மேடு பள்ளம்தான்”. இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஆல்ப்ஸ் என்றால் எல்லோரும் தயாராகப் போவார்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு, மெதுவாக ஏறுவார்கள். ஷெவ்ரூஸிலோ ஜெர்ஸிலோ ஒரு மேடு 60, 80 மீட்டர்தான், மேலே முடிவது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எழுந்து நின்று ஒரே மூச்சில் மிதித்துவிடுகிறோம். இப்படிப் பத்து ஏறினால் 700 மீட்டர், ஐஃபல் கோபுரத்தை இரண்டு தடவை ஏறிய கணக்கு. ஒவ்வொரு முறை மூச்சு வாங்க மிதிக்கும்போதும் தசை தன் சேமிப்புச் சர்க்கரையை வேகமாக எரிக்கிறது, இறக்கத்தில் நீங்கள் ஓய்வெடுத்தாலும் அந்தச் சேமிப்பு திரும்பி வராது. சமதரையில் சீராக ஓட்டும் 60 கிலோமீட்டரும் இதுவும் உடம்புக்கு ஒன்றல்ல.

இன்னொரு சிக்கல் பிசோப்ரொலோல். தாழ்சர்க்கரை வரும்போது இதயம் படபடப்பதும் கை நடுங்குவதும் உடம்பு அடிக்கும் எச்சரிக்கை மணி. இந்த வகை மாத்திரை அந்த மணியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிடும். வியர்வையை மட்டும் அது மறைக்காது, ஆனால் ஏற்றத்தில் யாருக்குத்தான் வியர்க்காது? அதனால் “தெரிந்தால் நிறுத்திக்கொள்கிறேன்” என்று உணர்ச்சியை நம்பி ஓட்டாதீர்கள். கையில் கட்டும் கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பையும் நம்ப வேண்டாம், மாத்திரை அதையும் அடக்கி வைத்திருக்கும். ஏறும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கியரை இறக்கி மெதுவாக மிதியுங்கள், நண்பர்கள் முன்னால் போகட்டும்.

மாத்திரையை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்களாக விடாதீர்கள், பிசோப்ரொலோலைத் திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கே ஆபத்து. உங்கள் குடும்ப மருத்துவரிடம் இந்த மாதமே போய் 0.58 என்ற எண்ணையும், எத்தனை மணிக்கு என்பதையும், அன்று எவ்வளவு ஓட்டினீர்கள் என்பதையும் எழுதிக் காட்டுங்கள். ஓட்டும் நாட்களில் கிளிக்ளாசைட்டைக் குறைப்பதா, நிறுத்துவதா, அல்லது தாழ்சர்க்கரை வராத வேறு வகைக்கே மாற்றுவதா என்று அவர் உங்கள் மூன்று மாதச் சர்க்கரையையும் சிறுநீரகத்தையும் பார்த்து முடிவு செய்யட்டும். என் கருத்து கேட்டால், இவ்வளவு ஓட்டும் ஒருவருக்கு மாற்றுவதே நல்லது. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் வகைக்கு மாற்றினால் நான்கு நாள் வெயில் சவாரியைப் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள், அதில் நீர் வற்றும் ஆபத்தும் இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறும் ஆபத்தும் உண்டு. பிரஷர் மாத்திரைக்கும் வேறு வழி உண்டா என்று கேளுங்கள். அதோடு இதயப் பரிசோதனை. சர்க்கரை நோயாளிக்கு இதய அடைப்பு நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பாகவும் அசாதாரணக் களைப்பாகவும் வரலாம், எனவே இசிஜியும் தேவைப்பட்டால் ஓடவிட்டுப் பார்க்கும் சோதனையும் இந்தப் பயணத்துக்கு முன்னால் நடக்க வேண்டும். கண், கால் பரிசோதனை ஒரு வருடமாகச் செய்யவில்லை என்றால் அதையும் முடித்துவிடுங்கள்.

சரி, சாலைக்கு வருவோம். கிளம்பும் முன் சோதியுங்கள். 0.90-க்குக் கீழே என்றால் முதலில் சாப்பிட்டு, சர்க்கரை ஏறியபின் கிளம்புங்கள். அதற்கப்புறம் ஒரு மணிக்கு ஒருமுறை நின்று சோதித்து, சுமார் 30 கிராம் மாவுச்சத்து சாப்பிடுங்கள். பாகெத் ரொட்டியில் கால்வாசி, அல்லது ஒரு பெரிய வாழைப்பழமும் இரண்டு பிஸ்கட்டும் அந்த அளவு வரும். சோதிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வாழைப்பழம் உரித்த பிசுபிசுப்பு விரலில் இருந்தால் மீட்டர் பொய்யாக அதிகம் காட்டும், 0.60 இருப்பவருக்கு 1.50 என்றுகூட வரலாம். விரலை வெறும் தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பாட்டிலில் சர்க்கரைப் பானம் கலந்திருந்தால் அதில் கழுவக் கூடாது, ஆகவே இரண்டு பாட்டிலில் ஒன்று எப்போதும் வெறும் தண்ணீர்.

சட்டைப் பையில் சர்க்கரைக் கட்டிகள் இருக்கட்டும். 0.70-க்குக் கீழே என்றாலோ, சோதிக்க முடியாமல் சந்தேகம் மட்டும் வந்தாலோ, இறங்கி உட்கார்ந்து மூன்று கட்டி வாயில் போடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். சாக்லேட்டோ பான் ஓ ஷொகொலாவோ வேண்டாம், கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். 1.00 தாண்டி, கொஞ்சம் ரொட்டியும் சாப்பிட்ட பிறகே சைக்கிள். “இந்த இறக்கம்தானே, உருண்டு போய்விடுவேன்” என்று மட்டும் நினைக்காதீர்கள், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மூளைக்குச் சர்க்கரை இல்லாமல் வளைவில் திரும்புவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள்.

ஜெர்ஸைப் பற்றி உங்கள் திட்டத்துக்கு உதவும் ஒரு விஷயம். அங்கே ஆறுகள் தெற்கே லன்மெசான் மேட்டு நிலத்திலிருந்து விசிறி மாதிரி வடக்கு நோக்கி இறங்குகின்றன. ஆற்றோடு தெற்கு வடக்காக ஓட்டினால் பெரும்பாலும் சமதரை. கிழக்கு மேற்காக, லெக்தூரிலிருந்து கொந்தோம் போவது மாதிரி ஓட்டினால், ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி ஏறி அடுத்ததில் இறங்கி ஏறி, நாள் முழுக்க அதே வேலை. முதல் நாளையும், முந்தின இரவு சர்க்கரை இறங்கியிருந்தால் அடுத்த நாளையும், ஆற்றோடு போகும் வழியாக வைத்துக்கொள்ளுங்கள். ஓஷ், லெக்தூர் வழியே போகும் என்-21 நெடுஞ்சாலையில் லாரி அதிகம், சிறிய டி சாலைகளைப் பிடியுங்கள்.

சின்னக் கிராமங்களில் கடையே இருக்காது. இருக்கும் ஊரிலும் மத்தியானம் மூடிவிடுவார்கள், ஞாயிறு பிற்பகலும் திங்களும் பேக்கரி திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். உங்களுக்கு இது வெறும் பசி விஷயமில்லை, அதனால் அன்றைய சாப்பாடு முழுவதும் காலையிலேயே பையில் இருக்க வேண்டும். தண்ணீருக்கு அங்குள்ள சைக்கிள்காரர்கள் தேடுவது கல்லறைத் தோட்டத்துக் குழாய், பெரும்பாலான ஊர்களில் இருக்கும், குடிக்க உகந்ததல்ல என்ற பலகை தொங்குகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பிடியுங்கள்.

மாலையில் அர்மன்யாக் வரும், அது அந்த மண்ணின் சாராயம், நண்பர்கள் ஊற்றுவார்கள். ஓட்டிய இரவில் வேண்டாம். கல்லீரல் இரவில் சர்க்கரையை வெளியிட்டு உங்களைக் காப்பாற்றுவதை மது தடுத்துவிடும், உங்கள் 0.58 இன்னும் கீழே போயிருக்கும். படுக்கும் முன் சோதித்து, 1.20-க்குக் கீழே என்றால் ரொட்டியும் தயிரும் சாப்பிட்டுப் படுங்கள். முதல் இரண்டு இரவும் மூன்று மணிக்கு அலாரம் வைத்து ஒருமுறை சோதியுங்கள்.

கூட வரும் நண்பர்களிடம் சர்க்கரை நோய் இருப்பதை மறைக்காதீர்கள். நீங்கள் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், தடுமாறினால், சர்க்கரைக் கட்டியைக் கையில் தரச் சொல்லுங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் எதுவும் ஊட்டாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து அவசர மருத்துவ உதவி எண் 15-ஐ அழைக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து “நல்லாயிருக்கேன்” என்றாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், கிளிக்ளாசைட்டால் வரும் தாழ்சர்க்கரை சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம்.

மாத்திரையை மாற்றிய பிறகு ஷெவ்ரூஸில் அதே 60 கிலோமீட்டரை இன்னொருமுறை, மேலே சொன்ன மாதிரி சாப்பிட்டுச் சோதித்து ஓட்டிப் பாருங்கள். அந்த இரவும் மறுநாளும் 0.70-க்குக் கீழே இறங்கவில்லை, இதயப் பரிசோதனையும் சரி என்றால் ரயிலுக்குப் பதிவு செய்யலாம். இறங்கினால் ஆகஸ்ட் வேண்டாம், மறுபடி மருத்துவரைப் பார்த்துவிட்டு செப்டம்பர் நடுவில் போங்கள், அப்போது வெயிலும் தணிந்திருக்கும்.