வாசகர் கேள்விகள்: ‘வெர்டிகோ’ இசை, ஐந்து பதிவுகள்

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ (1958) படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் எழுதிய பின்னணி இசையைப் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். அந்த இசையின் வெவ்வேறு பதிவுகளை எப்படி ஒப்பிட்டுக் கேட்பது என்பதே பெரும்பாலானவற்றின் சாரம். ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில்.

படத்தின் அசல் இசைப்பதிவைக் குறுந்தட்டில் கேட்கிறேன். சில துண்டுகள் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே அகலமாக விரிகின்றன. சில துண்டுகள் நடுவில் ஒரே இடத்தில் ஒடுங்கிவிடுகின்றன. தட்டில் பழுதா? (திருச்சி வாசகர்)

தட்டில் பழுது இல்லை. அந்த இசை இரண்டு ஊர்களில் பதிவானது. 1958 தொடக்கத்தில் அமெரிக்க இசைக்கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் ஹாலிவுட்டில் பதிவு செய்ய முடியவில்லை. ஹெர்மன் தன் இசையைத் தானே நடத்துகிறவர். இந்தப் படத்துக்கு அது வாய்க்கவில்லை. லண்டனில் மியூர் மேத்தீசன் நடத்த, சின்ஃபோனியா ஆஃப் லண்டன் குழு வாசித்தது. பாதி வேலை நடக்கும்போதே அங்குள்ள கலைஞர்களும் அமெரிக்கர்களுக்கு ஆதரவாக விலகிக்கொள்ள, மீதியை வியன்னாவில் முடித்தார்கள். லண்டன் பதிவு ஸ்டீரியோ (இடம், வலம் என இரண்டு தடம்), வியன்னா பதிவு மோனோ (ஒரே தடம்). நீங்கள் கேட்கும் விரிவும் ஒடுக்கமும் அதுதான்.

எந்தத் துண்டு எந்த வகை என்று சந்தேகம் வந்தால் காதை மட்டும் நம்ப வேண்டாம். கணினியில் ஆடாசிட்டி மென்பொருளில் அந்தத் துண்டைத் திறந்து, ஸ்டீரியோ தடத்தை இரண்டு மோனோ தடங்களாகப் பிரியுங்கள். அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து ‘இன்வெர்ட்’ (ஒலி அலையைத் தலைகீழாக்கும் கட்டளை) கொடுத்து, இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். மோனோ என்றால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு இசை ஏறக்குறைய காணாமல் போகும். ஸ்டீரியோ என்றால் ஓரங்களில் இருந்த வாத்தியங்கள் மிஞ்சிக் கேட்கும். மிஞ்சுவது வெறும் இரைச்சலும் மெல்லிய எதிரொலியும் என்றால், மோனோ மூலத்துக்குப் பிற்காலத்தில் செயற்கை விரிவு சேர்த்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். எம்.பி.3 கோப்பில் இந்தச் சோதனை தெளிவாக வராது; சுருக்கும்போது இரண்டு பக்கமும் சற்று வேறுபட்டுவிடும். குறுந்தட்டிலிருந்து நேராக எடுத்த வேவ் கோப்பு வேண்டும்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்குவது? (கோவை வாசகி)

முழு இசையும் வேண்டுமா, சாரம் போதுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

முழு இசைக்கு மூன்று வழிகள். ஒன்று, மேத்தீசனின் அசல். 1958இல் மெர்குரி நிறுவனம் இதில் ஒரு பகுதியை மட்டும் இசைத்தட்டாக வெளியிட்டது. விரிவான வடிவம் 1996இல் வரேஸ் சரபாண்ட் வெளியீடாகத்தான் வந்தது. இரண்டாவது, அதே நிறுவனத்துக்காக 1995இல் ஜோயல் மெக்நீலி ராயல் ஸ்காட்டிஷ் நேஷனல் ஆர்க்கெஸ்ட்ராவோடு புதிதாகச் செய்த பதிவு. மூன்றாவது, 1999இல் ஜேம்ஸ் கான்லன் பாரிஸ் ஓபரா இசைக்குழுவோடு செய்தது. இந்த மூன்றாவது, டக்ளஸ் கோர்டன் என்ற ஸ்காட்லாந்துக் கலைஞரின் ‘ஃபீச்சர் ஃபிலிம்’ என்ற படைப்புக்காகப் பதிவானது. அதில் திரையில் ஹிட்ச்காக்கின் காட்சிகள் வராது. இசை நடத்துகிறவரின் கைகளும் முகமும்தான் வரும். நடத்துநர் என்ன செய்கிறார் என்று புரியாதவர்கள் அதைப் பார்த்தால் நிறையப் புரிந்துகொள்ளலாம்.

சாரம் போதும் என்றால் மூன்று பகுதிகள் கொண்ட தொகுப்பு இருக்கிறது: முகப்பிசை, கனவுக் காட்சி, காதல் காட்சி. 1960களின் இறுதியில் ஹெர்மனே லண்டன் ஃபில்ஹார்மோனிக்கை நடத்தி டெக்கா நிறுவனத்தின் ஃபேஸ் 4 வரிசையில் இதைப் பதிவு செய்தார். 1996இல் எசா-பெக்கா சலோனென் லாஸ் ஏஞ்சலிஸ் ஃபில்ஹார்மோனிக்கோடு சோனிக்காகப் பதிவு செய்தார்.

எங்கள் பரிந்துரை மெக்நீலி. அசலில் மங்கிப் போன செலஸ்டாவும் (மணிபோல ஒலிக்கும் சாவிப்பலகை வாத்தியம்) ஹார்ப்பும் அதில் துலக்கமாகக் கேட்கின்றன. இசை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது விளங்குகிறது. ஆனால் மேத்தீசன் பதிவில் உள்ள பதற்றம் அதில் இல்லை. லண்டன் வயலின்கள் நெருக்கிக்கொண்டு, சில இடங்களில் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே வாசிக்கின்றன. அது இந்தக் கதைக்குப் பொருந்துகிறது. இரண்டாவதாக ஒன்று வாங்க முடிகிற நாளில் அசலை வாங்குங்கள்.

கர்நாடக இசை மட்டுமே கேட்டுப் பழகியவன். ஒரே இசையை இரண்டு பேர் நடத்தினால் என்ன வித்தியாசம் வந்துவிடும்? எதைக் கவனிக்க வேண்டும்? (தஞ்சாவூர் வாசகர்)

முகப்பிசையிலிருந்து தொடங்குங்கள். சால் பாஸ் வடிவமைத்த எழுத்தோட்டத்தில், ஜான் விட்னி உருவாக்கிய சுழல்கள் திரையில் திரும்பிக்கொண்டே இருக்கும். அதற்கு ஹெர்மன் எழுதியது திஸ்ர நடையில் ஓயாமல் சுற்றும் ஒரு சிறு ஸ்வரக்கோவை. ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் இறங்கும், ஆரோகணத்தையும் அவரோகணத்தையும் ஒரே நேரத்தில் எதிரெதிராக வைத்ததுபோல. அடியில் இருப்பது ஈ ஃபிளாட் மைனர் சுரக்கூட்டு. அதன் மேல் ‘டி’ என்ற ஸ்வரம். கர்நாடகக் கணக்கில், ஈ ஃபிளாட்டை ஷட்ஜமாகக் கொண்டால், சாதாரண காந்தாரம், பஞ்சமம், அவற்றோடு காகலி நிஷாதம். அந்த நிஷாதம் ஷட்ஜத்துக்குப் போய்ச் சேராமலே நிற்கிறது. மயக்க உணர்வு அங்கிருந்துதான் பிறக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, ஏறும் வரிசையும் இறங்கும் வரிசையும் சம வலுவோடு கேட்கின்றனவா என்பது. நடத்துநர் மேல் ஸ்தாயி வயலினைத் தூக்கிவிட்டால் இறங்கும் வரிசை அமுங்கிப் போய், சுழல் வெறும் அலங்காரமாகிவிடும். அடுத்து, திடீரென நுழையும் தாழ்ந்த பித்தளை வாத்தியங்கள். அவை வரும்போது சுற்றும் வரிசை தொடர்ந்து கேட்க வேண்டும். ஃபேஸ் 4 பதிவில் இது அப்பட்டமாகக் கேட்கும். அந்த வரிசையின் பழக்கமே நிறைய மைக்குகள் வைத்து ஒவ்வொரு வாத்தியப் பிரிவையும் பக்கத்தில் இழுத்துக் காட்டுவதுதான். அரங்கில் உட்கார்ந்து கேட்டால் அப்படிக் கேட்காது. ஹெர்மன் நடத்தியது என்பதால் அந்த ஒலிச் சமன்பாட்டையும் அவருடைய எண்ணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதில் பாதி ஒலிப்பதிவாளர்களின் கைவேலை.

கனவுக் காட்சியில் ஹபனேரா என்ற கியூப நடனத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். காஸ்டனெட் என்ற கைக்கட்டைகளின் சத்தம் தாளத்தின் விளிம்பைக் காட்டும். வேகம் கூடினால் அது நடனமாகிவிடும், குறைந்தால் பயம் விட்டுப்போகும். நடத்துநருக்கு இங்கே இடம் மிகக் குறைவு.

காதல் காட்சிதான் உண்மையான உரைகல். படத்தின் நாயகி ஜூடி, நாயகன் பறிகொடுத்த காதலி மேடலின் போல உடுத்திக்கொண்டு ஓட்டல் அறையின் பச்சை வெளிச்சத்தில் வந்து நிற்கும் இடம். தந்தி வாத்தியங்கள் ஒரு சொற்றொடரைத் தொடங்கி, ஏறி, முடிக்காமல் விட்டு, இன்னும் மேலிருந்து மறுபடி தொடங்குகின்றன. வாக்னரின் ‘டிரிஸ்டன்’ ஓபரா இசையோடு இதை ஒப்பிடாத விமர்சகர் குறைவு. படத்துக்காக நடத்துகிறவருக்குக் கடிகாரம் எஜமானன்: கதவு திறக்கும் நொடியில் இசை அங்கே இருந்தாக வேண்டும். தனிப் பதிவு செய்கிறவருக்கு அந்தக் கட்டு இல்லை. எனவே ஒவ்வொரு சொற்றொடருக்கும் முன்னால் விடும் மூச்சு அளவைக் கேளுங்கள். உச்சத்துக்கு முந்தைய சொற்றொடர்களிலேயே முழு சக்தியையும் செலவழித்துவிட்டால் உச்சம் வெறும் சத்தமாகிப் போகும். விளம்ப காலத்தில் பாடும்போது தார ஸ்தாயியை எப்போது தொடுவது என்ற கணக்கு உங்களுக்குத் தெரியும்; அதே காதால் இதைக் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை: கால அளவை வைத்து வேகத்தை முடிவு செய்யுமுன் துண்டு எங்கே முடிகிறது என்று பாருங்கள். முழுப் பதிவுகளில் முகப்பிசையும் அடுத்து வரும் கூரைத் துரத்தலும் ஒரே துண்டாக இருக்கும். தொகுப்புகளில் முகப்பிசை தனி. இரண்டின் நிமிடக் கணக்கையும் பக்கத்தில் வைத்து ‘இவர் மெதுவாக நடத்துகிறார்’ என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு.

சலோனென் பதிவு ஹெர்மன் பதிவைவிட எனக்குச் சிறப்பாகக் கேட்கிறது. நண்பர் அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறார். நியாயமாக ஒப்பிடுவது எப்படி? (மதுரை வாசகர்)

முதலில் இரண்டும் ஒரே சத்த அளவில் இருந்தனவா என்று பாருங்கள். ஒரு டெசிபல் கூடினால்கூட ‘சத்தம் அதிகம்’ என்று தோன்றாது. ‘தெளிவு அதிகம்’ என்று தோன்றும். அதுதான் ஏமாற்றம்.

இரண்டு கோப்புகளிலும் காதல் காட்சியின் ஒரே ஒரு நிமிடத்தை, ஒரே சொற்றொடரில் தொடங்கி ஒரே சொற்றொடரில் முடியும்படி வெட்டுங்கள். பிறகு ஆடாசிட்டியில் ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ கொடுத்து இரண்டையும் –23 லஃப்ஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டு வாருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. முழுக் கோப்பைச் சமப்படுத்திவிட்டுப் பிறகு வெட்டினால், மற்ற பகுதிகளின் சத்தம் கணக்கைக் கெடுத்துவிடும். வெறும் ‘நார்மலைஸ்’ வேண்டாம். அது உச்சத்தை மட்டும் பார்ப்பதால், ஒரு தாளத்தட்டின் அடி முழுத் துண்டின் அளவையும் தீர்மானித்துவிடும்.

இணையச் செயலியில் கேட்பதானால் ஒலி அளவைத் தானே சரிசெய்யும் வசதியையும் ஈக்வலைசரையும் அணையுங்கள். ஒரே ஹெட்ஃபோன், முடிந்தால் கம்பியோடு. எது எது என்று தெரியாதபடி வேறொருவர் மாற்றி மாற்றிப் போட, முப்பது நொடிக்கு மேல் போகாமல் கேளுங்கள். அதற்குமேல் ஒலியின் நிறம் நினைவில் நிற்காது. வேகத்தையும் உச்சத்தையும் மதிப்பிட மட்டும் முழுத் துண்டையும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்ட பிறகும் சலோனென்தான் பிடிக்கிறது என்றால், நண்பரிடம் தைரியமாகச் சொல்லலாம். தந்திகளின் இழைவில் அந்தப் பதிவுக்கு நிகர் குறைவு.

டிவிடியில் வரும் இசை, குறுந்தட்டைவிடச் சுருதி கூடிக் கேட்கிறது. ஏன்? (யாழ்ப்பாணம் வாசகர்)

உங்களிடம் இருப்பது பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடி. படச்சுருள் நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்). பால் முறைக்கு 25. எனவே படத்தை 4 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலான வேகத்தில் ஓட்டிவிடுகிறார்கள். 128 நிமிடப் படம் சுமார் 123 நிமிடத்தில் முடியும். சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். ஒலியை எடுத்து, வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் வசதியில் –4 சதவீதம் கொடுத்தால் சரியாகிவிடும். ‘சேஞ்ச் டெம்போ’ மட்டும் கொடுத்தால் சுருதி அப்படியே நிற்கும்.

படத்தின் ஒலியில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1996இல் ராபர்ட் ஹாரிஸும் ஜேம்ஸ் கேட்ஸும் படத்தைப் புதுப்பித்தபோது காலடி, துப்பாக்கி போன்ற சத்தங்களைப் புதிதாகப் பதிவு செய்து சேர்த்தார்கள். அந்த ஒலித்தடத்தில் இசைக்கும் மற்ற சத்தங்களுக்கும் உள்ள விகிதம் 1958இல் இருந்த விகிதம் அல்ல. சில வட்டுகளில் பழைய மோனோ தடமும் உண்டு. மெனுவில் தேடிப் பாருங்கள்.

பழைய மெர்குரி இசைத்தட்டு கிடைத்தது. என் ஸ்டீரியோ ஊசியில் ஓட்டலாமா? (சென்னை வாசகி)

ஓட்டலாம், தட்டு கெடாது. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள். மேலும் கீழுமாக அசையும் கீறல் சத்தம் பெருமளவு அடங்கும். அந்தக் காலத்து மோனோ எல்.பி. வெட்டுக்கு 25 மைக்ரான் முனை ஏற்றது. இன்றைய கூம்பு வடிவ ஸ்டீரியோ முனை பொதுவாக 18 மைக்ரான். அது பள்ளத்தில் சற்றுக் கீழே உட்காரும். பழைய கனத்த ஊசி மேல் சுவரைத் தேய்த்திருந்தால் இந்தச் சிறிய முனையே நல்லது, தேயாத பகுதியைத் தொடும். 78 சுற்றுத் தட்டுக்கான ஊசியை மட்டும் வைத்துவிடாதீர்கள். ஓட்டுமுன் வடிநீரும் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, பள்ளத்தின் வட்டப் போக்கிலேயே மென்மையாகத் துடைத்து, வெறும் வடிநீரில் அலசி, நிழலில் காயவையுங்கள். நடுவில் ஒட்டிய காகிதம் நனையக் கூடாது.